ஆறாவது ஜாக்கெட்

காலையில் கடையைத் திறந்ததும் நாகபூஷணம் முதலில் தேநீர் வரவழைப்பார். ஆனால் அதை உடனே குடிக்க மாட்டார். ஆவி பறக்கும் டம்ளரை மேசையின் மேல் வைத்து, அன்று கைக்கு வந்த புதுத் துணி எதுவோ அதை அதன் வாயில் விரித்து, ரப்பர் வளையம் போட்டு இறுக்குவார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடியை எடுத்து, துணிக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணுவார். கண்ணாடி மங்கினால், "மூச்சு இருக்குது" என்று சொல்லித் துணியை வலப்பக்கம் வைப்பார். மங்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் இடப்பக்கம் வைப்பார். அதன் பிறகுதான் தேநீர். அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். பதினான்கு ஆண்டுகளாக அவர் சூடான தேநீர் குடித்து திருமலை அடிவாரத்து அலிபிரி சாலையில் ஒருவரும் பார்த்ததில்லை.

"துணிக்கு ஊத்துறதுக்கு எதுக்குண்ணா சக்கரையும் பாலும்? வெந்நீர் அனுப்பட்டுமா?" என்று எதிர்ச்சாரியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் பவன்குமார் கேட்பார்.

"இத்தினி நாளும் வெந்நீரைத்தானே டீன்னு சொல்லி அனுப்பிக்கினு இருக்கிற" என்பார் நாகபூஷணம்.

அவர் நகரியில் ஒரு விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே துணியை வாயருகே பிடித்து ஊதிப் பார்ப்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. மறுபுறம் உள்ளங்கையில் படும் காற்றைக் கொண்டே நெசவின் நெருக்கத்தைச் சொல்லிவிடுவார்கள். திருமலைக்கு நடந்து ஏறும் பக்தர்களுக்குச் சால்வையும் குரங்குக் குல்லாவும் விற்றுக்கொண்டிருந்த காலம் வரையில் அந்த வித்தை அவருக்குப் போதுமானதாக இருந்தது. பனிமலை ஏறுகிறவர்கள் கடைக்கு வந்து 'சாஃப்ட் ஷெல்' ஜாக்கெட் கேட்கத் தொடங்கியபோது போதவில்லை. அந்த ஜாக்கெட்டின் துணி மெத்தென்றிருக்கும்; இழுத்தால் கையோடு நீளும்; குளிர்காற்றைத் தடுக்கும்; பனித்துகளை உதறிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் உடம்பின் வேர்வையை மட்டும் ஆவியாக வெளியே விட்டுவிடும். அந்தக் கடைசிக் குணம் இல்லையென்றால் மற்றவை இருந்தும் வீண். காற்றை நிறுத்தும் துணியில் ஆவி போகிறதா என்பதை ஊதி அறிய முடியாது. அதற்காகவே இந்தத் தேநீர்ச் சோதனையை அவர் தாமாகக் கண்டுபிடித்தார்.

கனமான மழைக்கோட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற வாடிக்கையாளர்களை உட்காரவைத்து அவர் ஒரு கதை சொல்வார். ஓர் ஏரியில் ஒரு தவளை இருந்தது. மழை அடித்தாலும் பருந்து கொத்தினாலும் அசையாத ஆமையைப் பார்த்து அதற்கு ஆசை வந்தது. ஏரிக்கரை அம்மனிடம் ஒற்றைக் காலில் நின்று தனக்கும் ஓர் ஓடு வாங்கிக்கொண்டது. அன்றிரவு பெருமழை. "ஒரு சொட்டுக்கூட என் மேலே படவில்லை" என்று தவளை ஊரெல்லாம் கேட்கும்படி கத்தியது. மறுநாள் அதன் குரல் சற்று இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் குரலே இல்லை. மற்ற தவளைகள் போய் ஓட்டைப் புரட்டின. தோலால் மூச்சு விடுகிற பிராணி, தன் உடம்பின் ஈரத்திலேயே மூழ்கிக் கிடந்தது.

"வெளித் தண்ணி உள்ள போவல. உள்தண்ணி வெளிய வரல. அவ்ளோதான்" என்று முடித்துவிட்டு, நாகபூஷணம் சரியான ஜாக்கெட்டை எடுத்துக் கொடுப்பார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காதவள் ஒருத்திதான். அவள் ரூபா. புத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சித்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை.

"ரெண்டு வருசம் முன்னாடி நேர்லயே பாத்தேன் அண்ணா" என்றாள் அவள். "வேற டீம்ல ஒருத்தரு. ஏறும்போது வேர்த்துக் கொட்டிச்சு. உள்சட்டை நனஞ்சுப் போச்சு. மேல போயி நின்னதும் காத்து புடிச்சுக்கிச்சு. அந்த ஈரம் அப்டியே ஐஸாவுது. 'கொஞ்சம் ஒக்காரேன்'னாரு. ஒக்காந்தாரு. சிரிக்கிறாரு. கூப்பிட்டா சிரிக்கிறாரு. அப்புறம் எழுந்துக்கவே இல்ல."

நாகபூஷணம் அன்று அந்தக் கதையை மேற்கொண்டு யாருக்கும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு தை மாதத்தில் ரூபாவும் இன்னும் ஐந்து பேரும் மணாலிக்கு மேலே ஒரு சிகரம் ஏறுவதாக முடிவாயிற்று. குளிர்காலத்தில் ஏறுவதுதான் அதன் பெருமையும் ஆபத்தும். ஆறு பேருக்கும் ஜாக்கெட் தைத்துத் தருவதாக நாகபூஷணம் ஏற்றுக்கொண்டார். ஆறும் ஒரே செங்கல் நிறம். நெஞ்சில் கடையின் பெயர் வெள்ளை நூலில். புறப்படும் நாளில் ஆறு பேரையும் கடை வாசலில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க ஒரு பத்திரிகை நிருபரும் ஒப்புக்கொண்டிருந்தார். பதினைந்து நாளாக அந்தப் படத்தைப் பற்றிச் சாலையில் போகிறவர்களிடமெல்லாம் நாகபூஷணம் சொல்லிக்கொண்டிருந்தார். சால்வைக் கடைக்காரர் என்று தம்மை அழைத்த ஊர், இனிமேல் வேறு விதமாக அழைக்கும் என்று நினைத்தார்.

தைக்கும் பொறுப்பு நகரியில் இருந்த அவர் மனைவியின் தம்பி தணிகாசலத்தினுடையது. ஐந்து ஜாக்கெட் ஒரு வாரம் முன்பே வந்தன. ஐந்தும் தேநீரில் தேறின. ஆறாவது, புறப்படும் நாள் காலையில்தான் பேருந்தில் வந்து சேர்ந்தது. அது ரூபாவின் அளவு. நாகபூஷணம் வழக்கம்போல டம்ளரின் மேல் அதன் ஓரத்தை விரித்துக் கண்ணாடியைக் கவிழ்த்துப் பிடித்தார்.

நூறு எண்ணினார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கை தவறியிருக்கும் என்று மீண்டும் நூறு எண்ணினார். முந்நூறுவரை எண்ணிவிட்டுத் துணியைப் புரட்டிப் பார்த்தார். உட்பக்கம் முழுவதும் வேர்க்குரு போல நீர்த்துளிகள் முளைத்திருந்தன.

தணிகாசலத்தைத் தொலைபேசியில் பிடித்தார்.

"இது அந்தத் துணி இல்லியே?"

"அந்தத் துணி அஞ்சுக்கே சரியாப் போச்சு மாமா. இது அதவிட ஒசத்தி. நடுவுல மெல்லிசா பிளாஸ்டிக் ஒட்டி வந்திருக்குது. பக்கெட்டு தண்ணி ஊத்திப் பாரு, உள்ள ஒரு சொட்டு போவாது."

"நான் அதுக்காடா கேட்டேன்?"

"பத்து மணிக்கு போட்டோன்னு நீதானே மாமா உசிர எடுத்த? கலரு ஒத்துப்போவுதா இல்லியா, அதச் சொல்லு."

நிறம் ஒத்துப்போயிற்று. தறிக்காரர் கண்ணுக்கே வேறுபாடு தெரியாத அளவுக்கு ஒத்துப்போயிற்று. நாகபூஷணம் அந்த ஜாக்கெட்டை இடப்பக்கம் வைத்தார். ஒன்பதரைக்கு நிருபர் வந்து வாசலில் வெளிச்சம் பார்க்கத் தொடங்கினார். ஐந்து பேர் செங்கல் நிறத்தில் வந்து இறங்கினார்கள். நாகபூஷணம் இடப்பக்கம் கிடந்ததை எடுத்து வலப்பக்கம் வைத்தார்.

ரூபா கடைசியாக வந்தாள். தோளில் பெரிய பை. கையில் அவளுடைய பழைய ஜாக்கெட். சாம்பல் நிறம், முழங்கை தேய்ந்திருந்தது, கழுத்தருகே ஜிப்பின் பற்கள் உடைந்திருந்தன. ஆனால் நான்கு மலைகளில் அவளோடு ஏறி இறங்கியது அது.

"டம்ளரு பரீட்சை ஆச்சா அண்ணா?" என்று புதியதைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஆச்சும்மா."

"பாஸா?"

நிருபர் வெளியிலிருந்து, "சார், தொந்தரகா! எண்ட மாறிப்போதா உந்தி" என்று தெலுங்கில் அவசரப்படுத்தினார், வெயில் திரும்புகிறதாம்.

"பாஸ்" என்றார் நாகபூஷணம்.

"காணிப்பாக்கம் மேல சத்தியமா?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சித்தூர் மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் அந்தச் சொல்லின் எடை தெரியும். எல்லைக்கல்லை நகர்த்தியது யார், அடகு நகையை மறைத்தது யார் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் தீராத வழக்கெல்லாம் காணிப்பாக்கத்துக்குத்தான் போகும். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டும். காவல் நிலையத்தில் கூசாமல் பொய் சொல்கிறவர்கள்கூட அங்கே நாக்கைக் கட்டிக்கொள்வார்கள். விளையாட்டில்கூட அந்தச் சத்தியத்துக்குப் பதில் சொல்லாமல், "போடி, வேற வேலை இல்லியா" என்று தட்டிக்கழிப்பதே வழக்கம். ரூபாவும் அப்படி ஒரு செல்லத் திட்டைத்தான் எதிர்பார்த்தாள்.

"சத்தியமா" என்றார் நாகபூஷணம்.

அவள் சிரிப்பு நின்றது. "சும்மா கேட்டேன் அண்ணா. அதப் போயி வாயால சொல்லிட்டீங்களே." பிறகு பழைய ஜாக்கெட்டைப் பையில் திணிக்கப் போனாள். "இதயும் எடுத்துக்கினு போறேன். ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்."

"எதுக்கும்மா எடை? இங்கியே வுட்டுட்டுப் போ. ஜிப்பு மாத்தி வெக்கிறேன்."

இரண்டும் ஒரே பையில் இருந்தால் எது எப்படிப்பட்டது என்று இரண்டாம் நாளே தெரிந்துவிடும் என அவர் மனத்தின் ஒரு மூலை கணக்கிட்டிருந்தது. அந்த மூலையைப் பின்னர் அவர் பலமுறை எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். அப்போது கண்டுகொள்ளவில்லை. ரூபா பழையதைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு வெளியே ஓடினாள். படம் எடுத்தாயிற்று. மாலை ரயிலில் ஆறு பேரும் தில்லிக்குப் புறப்பட்டார்கள்.

மறுநாள் படம் வந்தது. ஆறு பேர், ஆறு ஜாக்கெட், ஆறு நெஞ்சிலும் கடையின் பெயர். நாகபூஷணம் அதைக் கத்தரித்தார். ஆனால் சுவரில் ஒட்டவில்லை. ஆணியில் பழைய ஜாக்கெட் தொங்கியது. பலமுறை கயிறு பிடித்துப் பழகிய கைகளைப் போல அதன் இரண்டு கைகளும் முழங்கையில் மடங்கியே இருந்தன. மின்விசிறிக் காற்றில் அது இலேசாக அவர் பக்கம் திரும்பும். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பும். அன்று தேநீர் வந்தபோது அவர் துணி எதையும் எடுக்கவில்லை. டம்ளரைத் தூக்கி அப்படியே குடித்தார். நாக்கு வெந்தது.

எதிரே நின்ற பவன்குமார் சாலையைக் கடந்து வந்துவிட்டார். "ஏமண்ணா, ஒடம்பு சரியில்லியா?"

"ஏன், மனுசன் டீ குடிக்கக் கூடாதா?"

"மனுசன் குடிக்கலாம். நீ குடிச்சா பயமாகீது."

நான்காம் நாள் நண்பகலில் ரூபா மணாலியிலிருந்து பேசினாள். பின்னணியில் காற்றின் ஊளை.

"அண்ணா! இங்க மழையும் பனியுமா கொட்டுது. ஜாக்கெட்டு சூப்பரு. ஒரு சொட்டு உள்ள போவல. ஓடு மாதிரி இருக்குது!"

நாகபூஷணம் நூறு பேருக்குச் சொன்ன கதையில் தவளை கத்திய அதே பேச்சு, சொல் மட்டும் மாறி, அவர் காதிலேயே வந்து விழுந்தது.

"ரூபாம்மா..."

"இன்னா அண்ணா?"

"சாப்டியா?"

"துன்னாச்சு அண்ணா. நாளையிலேர்ந்து சிக்னல் இருக்காது. நாளன்னிக்கு ஐஸ் சொவத்துல பழகறோம். அதுக்கு மறுநாள் ரெஸ்ட்டு. அப்புறம் விடியக்காலம் மேல ஏறறோம். வந்து பேசுறேன்." தொடர்பு அறுந்தது.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "காணிப்பாக்கம் போய்ட்டு வரலாம், கெளம்பு" என்று மனைவி பிரேமலதாவிடம் சொன்னார். பண்டிகையும் இல்லை, வேண்டுதலும் இல்லை. எதற்கென்று அவள் கேட்கவில்லை. பேருந்து சந்திரகிரியைத் தாண்டியபின் தானாகவே வரும் என்று காத்திருந்தாள். சித்தூரை நெருங்கும்போது வந்தது. ஒன்றையும் விடாமல் சொன்னார்.

"இப்ப சாமிகிட்ட இன்னா சொல்லப் போற?" என்றாள் பிரேமலதா.

"மன்னிச்சுடுன்னு."

"ம்."

கோயில் குளத்தின் படியில் ஒரு சிறு கூட்டம். இரண்டு அண்ணன் தம்பிகள், கிணற்று மோட்டார் வழக்காம். தம்பிதான் பம்புக்குள் மண்ணைப் போட்டான் என்பது அண்ணன் பேச்சு. போடவில்லை என்பது தம்பி பேச்சு. தம்பி முழுகி எழுந்து படியேறினான். தை மாதக் காற்று குளத்தின் மேல் ஒருமுறை ஓடிவந்தது. ஈர வேட்டி உடம்போடு ஒட்ட, அவன் நடுங்கத் தொடங்கினான். தோள் நடுங்கியது, தாடை நடுங்கியது, பற்கள் மோதும் ஓசை இரண்டு படி தள்ளியிருந்த நாகபூஷணத்துக்குக் கேட்டது. சித்தூர் வெயிலில், காலை பத்து மணிக்கு, முழங்கால் ஆழக் குளத்தில் முழுகியவன் அப்படி நடுங்கினான்.

சந்நிதிவரை அவன் போகவில்லை. ஐந்தாம் படியில் நின்று அண்ணன் பக்கம் திரும்பினான். "நான்தான் போட்டேன். வா, போயி மோட்டார தூக்கிப் பாக்கலாம்."

கூட்டம் கலைந்தது. அண்ணன் தன் துண்டை அவிழ்த்துத் தம்பியின் தலையைத் துவட்டிக்கொண்டே போனான்.

பிரேமலதா சொன்னாள்: "பாத்தியா? அவன் சாமிகிட்டயே போவல. போவ வேண்டிய எடத்துக்குப் போய்ட்டான். நீ செஞ்ச சத்தியத்த சாமி பாத்துக்கும். அந்தப் பொண்ண யாரு பாத்துக்கறது?"

நாகபூஷணம் குளத்தைப் பார்த்தார். ஈரத்துணியும் காற்றும் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைச் சற்றுமுன் பார்த்தாயிற்று. இது குளக்கரை. அங்கே ஐஸ் சுவர்.

அவர் சந்நிதிக்குப் போகவில்லை. திரும்பும் வழியெல்லாம் ரூபாவின் எண்ணைப் போட்டார். ஒரு பெண்குரல் இந்தியில் ஏதோ சொல்லி முடித்துக்கொண்டே இருந்தது. குழுவின் தலைவர் வேங்கடாசலத்துக்குச் செய்தி அனுப்பினார்: 'ரூபா ஜாக்கெட் சரியில்லை. போட வேண்டாம்.' அது போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு நின்றது. கடைக்கு வந்து ஆணியிலிருந்து பழைய ஜாக்கெட்டை இறக்கினார். ஒரு புது ஜிப், ஊசி நூல், ரப்பர் வளையம், கண்ணாடி. மறுநாள் காலை ரேணிகுண்டாவில், ஐம்பத்து மூன்று வயதில், முதன்முதலாக விமானத்தில் ஏறினார்.

ஐதராபாத்தில் மாறி, தில்லியில் இறங்கி, மணாலிப் பேருந்தைப் பிடித்தார். மேகத்தைப் பார்த்ததாகவோ மலையைப் பார்த்ததாகவோ அவருக்கு நினைவில்லை. கணக்கு ஒன்றுதான் தலையில் ஓடியது: இன்றைக்கு ஐஸ் சுவர், நாளைக்கு ஓய்வு, நாளை மறுநாள் விடியலில் மேலே. மடியில் பழைய ஜாக்கெட் மடங்கிய கைகளோடு கிடந்தது. ரூபா புறப்படும்முன் சொல்லியிருந்த இடம், மணாலியிலிருந்து ஜீப்பில் ஒன்றரை மணி நேரம். சாலையின் இருபுறமும் பனி, சுண்ணாம்புச் சுவர் போல நின்றது. ஓட்டுநர் ஓரிடத்தில் கையைக் காட்டி எதையோ இந்தியில் சொன்னார். கீழே பள்ளத்தில் ஒரு லாரியின் கூரை மட்டும் தெரிந்தது.

மலையேறிகள் தங்கியிருந்த மரவீட்டின் முற்றத்தில் அவர் இறங்கியபோது உச்சிப்பொழுது. தலையில் குரங்குக் குல்லா, மேலே மூன்று சால்வை, கையில் கம்பளி உறை, காலில் செருப்பும் சாக்ஸும்.

வேங்கடாசலம் முதலில் நம்பவில்லை. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாண்ணா, திருமலைக்குன்னு கெளம்பி வழி தப்பிட்டியா?"

"ரூபா எங்க?"

சிரிப்பு அடங்கியது. "உள்ள. நேத்து ஐஸ்ல ஏறி வந்ததுலேர்ந்து ஒரே நடுக்கம். எங்க அஞ்சு பேருக்கும் அதே ஜாக்கெட்டுதான், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. இவளுக்கு மட்டும் உள்சட்டையப் பிழிஞ்சா தண்ணி ஊத்துது. ஒடம்புல தெம்பு இல்ல. கீழயே இருந்துடுன்னா கேக்க மாட்டேங்குது. நாளைக்கு ஏறியே தீருவேன்னுது."

அடுப்பங்கரையில் இரண்டு கம்பளிகளுக்குள் ரூபா உட்கார்ந்திருந்தாள். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. அவரைப் பார்த்ததும் எழ முயன்றாள்.

"அண்ணா! நீங்க எப்டி... எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணா. ஒடம்புதான் திடீர்னு கெட்டுப்போச்சு. நேத்து மேல போயி கொஞ்சம் ஒக்காந்தேனா," அவள் நெற்றியைச் சுருக்கினாள், "எதுக்குன்னே தெரியாம சிரிப்பு வந்துச்சு."

கடையில் அவள் சொன்ன அந்த ஆளின் சிரிப்பு நாகபூஷணத்துக்கு நினைவு வந்தது.

"வேங்கடாசலம், எல்லாரையும் கூப்புடு" என்றார். "ரெண்டு டம்ளரு டீ வேணும். கொதிக்கக் கொதிக்க."

முற்றத்து மேசையில் இரண்டு டம்ளர்கள் வந்தன. ஒன்றின் மேல் ரூபாவின் செங்கல்நிற ஜாக்கெட்டின் ஓரத்தை விரித்து வளையம் போட்டார். மற்றதன் மேல் பழைய சாம்பல்நிற ஜாக்கெட். ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள். ரூபா கம்பளியோடு வாசற்படியில். அவர் முதலில் பழையதன் மேல் கண்ணாடியைக் கவிழ்த்தார். இருபது எண்ணுவதற்குள் கண்ணாடி மங்கியது. மங்கிய இடம் அந்தக் குளிரில் மெல்லிய பனிப்பூவாக உறைந்தது. அதைத் துடைத்துவிட்டுப் புதியதன் மேல் பிடித்தார். உரக்க எண்ணினார். நூறுவரை எண்ணினார். கண்ணாடியைத் திருப்பியபோது அதில் நீல வானம் கறையில்லாமல் தெரிந்தது. துணியைப் புரட்டிக் காட்டினார். உட்பக்கத்துத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மேசையில் சொட்டின.

"ஒடம்பு கெட்டுப்போவல ரூபாம்மா. துணிதான் கெட்டது" என்றார். "உனக்கு மட்டும் வேற துணி. எனக்குத் தெரியும். அன்னிக்குக் காலையிலயே இதே மாதிரி பாத்தேன். பாத்துட்டுத்தான் குடுத்தேன். போட்டோவுல ஆறு பேரு நிக்கணும்னு குடுத்தேன். கேட்டதுக்குப் பொய்ச் சத்தியமும் பண்ணேன்."

கூரையிலிருந்து ஒரு பனித்திட்டு சரிந்து விழுந்தது. வேங்கடாசலத்தின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நாளைக்கு இத்தப் போட்டுக்கினு மேல போயிருந்தா இன்னா ஆயிருக்கும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

ரூபா படியிலிருந்து கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது. "பழசை வுட்டுட்டுப் போன்னு சொன்னீங்களே. அது, எடைக்காகச் சொன்னதா?"

அந்தக் கேள்வி வராமல் இருக்க வேண்டும் என்றுதான் அவர் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இல்லம்மா. ரெண்டும் கையில இருந்தா நீ கண்டுபுடிச்சுடுவேன்னு சொன்னேன்."

அவள் கம்பளியைக் கீழே போட்டுவிட்டு வந்து, பழைய ஜாக்கெட்டை டம்ளரிலிருந்து உருவி எடுத்தாள். கழுத்துவரை ஜிப்பை இழுத்தாள். உடைந்த பற்களில் அது பாதியில் நின்றது.

"ஜிப்பு மாத்தி வெக்கிறேன்னீங்க."

"மாத்தல. இப்ப மாத்துறேன்."

வேங்கடாசலம் மற்றவர்களைப் பார்த்து, "நாளைக்கு ஒருத்தரும் ஏற வேணாம். நாளன்னிக்குப் பாக்கலாம். மொதல்ல ரூபா தேறட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். செங்கல்நிற ஜாக்கெட்டைப் போகிற போக்கில் எடுத்துக்கொண்டு போய் விறகுக் குவியலின் மேல் போட்டார்.

நாகபூஷணம் பழைய ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு முற்றத்தில், வெயில் விழுந்த ஒரு பலகையில் உட்கார்ந்தார். கையுறையோடு ஊசி பிடிக்க முடியாது, கழற்றினார். பழைய தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். நூலைக் கோக்கவே ஐந்து முறை முயல வேண்டியிருந்தது. விரல்கள் தம்முடையவை என்ற உணர்வு சிறிது நேரத்தில் போய்விட்டது. ஊசி குத்தியதைத் துணியில் படிந்த சிறு சிவப்பைப் பார்த்தபிறகுதான் அறிந்தார். உமிழ்நீர் தொட்டுத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். ஒவ்வொரு தையலையும் இருமுறை இழுத்துப் பார்த்தார்.

ரூபா ஒரு டம்ளர் தேநீரைக் கொண்டுவந்து பலகையின் மறுமுனையில் வைத்தாள்.

"கை நடுங்குது. தையல் கோணிக்கும். மொதல்ல சூடாக் குடிங்க." அவள் குரலில் முன்பிருந்த குழைவு இல்லை.

"தச்சுட்டுக் குடிக்கிறேன்மா."

அவள் போகவில்லை. எதிரே உட்கார்ந்து, மடங்கி மடங்கி வந்த கழுத்துத் துணியின் ஓரத்தை இரு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது போலத் தையல்களைப் போட்டுக்கொண்டே போனார். பலகையின் முனையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.